எல்லா நாட்டு போஸ்ட் ஆபீஸுக்கும் பின்னாடி உக்காந்திருக்கிற அந்த பெர்ன் ஆபீஸ்: ஒரு கஸ்டமர் ரிவ்யூ

ஸ்டாரை மொதல்லயே போட்டுடறேன், கீழ வரைக்கும் தேட வேணாம். அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு பின்னாடி வரும்.

நம்மாளுங்க கூரியருக்கு ரிவ்யூ எழுதுவாங்க, தெரு முனை போஸ்ட் ஆபீஸுக்குக் கூட மேப்ல போய் ஒரு ஸ்டார் குத்திட்டு வருவாங்க, ஆனா நான் ரிவ்யூ பண்ணப் போறது அதுக்கெல்லாம் பின்னாடி இருக்கிற ஒரு ஆபீஸை. யு.பி.யு., தமிழ்ல உலகத் தபால் ஒன்றியம். சுவிட்சர்லாந்துல பெர்ன்ங்கிற ஊர்ல இருக்கு. அதுக்கு சொந்தமா ஒரு போஸ்ட்மேன் கிடையாது, ஒரு வேன் கிடையாது, ஒரு தபால் பெட்டி கூட கிடையாது. ஆனா நீங்க காரைக்குடி கவுன்ட்டர்ல இருந்து பினாங்குக்கு ஒரு புக் பாக்கெட் போட்டா அது போய் சேருதுன்னா அதுக்குக் காரணம் இந்த ஆபீஸ்தான். நான் அடிக்கடி வெளிநாட்டுக்கு அனுப்புறவன், தமிழ் புக்கு, ஓலைக் கொட்டான், சில சமயம் சும்மா ஒரு போஸ்ட்கார்டு. சித்தப்பா வீட்டு ஆளுங்க மலேசியாவுல, ஃப்ரெண்ட்ஸ் கனடாவுலயும் நார்வேயிலயும். அதனால இந்த ஆபீஸோட ரெகுலர் கஸ்டமர்னே என்னை சொல்லிக்கலாம், அவங்களுக்கு என்னைத் தெரியாதுங்கிறது வேற விஷயம்.

"ஏன்டா மாப்ள, இன்னும் போஸ்ட் ஆபீஸ்லயே தொங்கிட்டு இருக்க, ஆப்பைத் தொறந்தா வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போறான்"னு மச்சான் கேப்பாரு. விலையைக் காட்டினேன், கம்முனு ஆயிட்டாரு. ஒரு சின்ன புக் பாக்கெட்டுக்கு கூரியர்காரங்க கேக்கிற காசுல நாலஞ்சு பாக்கெட்டை தபால்ல அனுப்பிடலாம். சரி, எப்படி இவ்ளோ சீப்பா முடியுதுன்னு யோசிச்சதுலதான் இந்த ரிவ்யூவே வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. நான் காசு கட்டினது இந்தியா போஸ்ட்டுக்கு. டொரொன்டோவுல பனியில நடந்து போய் கதவைத் தட்டறவர் கனடா போஸ்ட் ஆளு. நான் கவுன்ட்டர்ல குடுத்த ரூபாயில ஒரு நயா பைசா கூட அவர் கண்ணுல பட்டதில்ல. இருந்தும் கொண்டு போய் குடுக்கிறாரு. அவரோட கவர்ன்மென்ட்டுக்கும் நம்ம கவர்ன்மென்ட்டுக்கும் அந்த வாரம் என்ன சண்டை நடந்துட்டு இருந்தாலும் சரி, குடுக்கிறாரு. நாடுங்க ஏன் இந்த மாதிரி பொது அமைப்புங்களைக் கட்டி, காசு குடுத்து, அதோட ரூலுக்கு (பெரும்பாலும்) அடங்கி நடக்குதுங்கன்னு தெரியணும்னா ஐ.நா. சபை மேடைப் பேச்சைக் கேக்காதீங்க, ஒரு ரிஜிஸ்டர் போஸ்ட் கவரைப் பின்தொடர்ந்து போங்க.

1874க்கு முன்னாடி கதை வேற. ரெண்டு ரெண்டு நாடா தனித்தனியா ஒப்பந்தம் போட்டு வச்சிருந்தாங்க. ஒவ்வொரு ஒப்பந்தத்துலயும் வேற வேற எடை, வேற வேற ரேட், வேற வேற கரன்சி, நடுவுல கடந்து போற நாட்டுக்குத் தனிப் பங்கு. 1860கள்ல அமெரிக்காவுல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு அரை அவுன்ஸ் லெட்டர் அனுப்ப ஆறு ரூட்டு இருந்துச்சாம், ரூட்டைப் பொறுத்து 5 சென்ட்ல ஆரம்பிச்சு 1 டாலர் 2 சென்ட் வரைக்கும். அதே லெட்டர், அதே எடை, அதே அட்ரஸ்! கவுன்ட்டர்ல உக்காந்திருந்த கிளார்க்கோட நெலமையை நெனச்சுப் பாருங்க, ஒவ்வொரு கவருக்கும் புஸ்தகத்தைப் புரட்டி, எந்த நாட்டுக்கு எவ்ளோ பங்குன்னு எழுதி, அப்புறம் வருஷக் கடைசியில அதை வச்சு நாட்டுக்கு நாடு கணக்குத் தீக்கணும். அந்தக் கணக்கு எழுதுற செலவே தபால் வருமானத்துல பெரிய பங்கைத் தின்னுருக்கும்.

1863ல அமெரிக்க போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் மான்ட்கோமரி பிளேர் சொல்லி பாரிஸ்ல ஒரு மீட்டிங் நடந்துச்சு, 15 நாடு வந்தாங்க. நல்ல நல்ல கொள்கையெல்லாம் பேசினாங்க, பேசிட்டு ஊருக்குப் போய் மறுபடி ரெண்டு ரெண்டு நாடா ஒப்பந்தம் போட்டாங்க. எனக்குப் பிடிச்ச பாடம் இதுதான். எல்லாரும் ஒத்துக்கிட்ட கொள்கை மட்டும் போதாது, அதைத் தூக்கிப் பிடிக்க நிரந்தரமா ஒரு ஆபீஸும் நாலு கிளார்க்கும் வேணும். அப்புறம் ஜெர்மன்காரர் ஒருத்தர், ஹைன்ரிஷ் ஃபான் ஸ்டெஃபான், தபால் துறை அதிகாரி. போஸ்ட்கார்டு ஐடியாவையே 1865ல மொதல்ல சொன்னவர், ஆனா அவங்க ஊர்ல கேக்கல, 1869ல ஆஸ்திரியாக்காரங்க அடிச்சு வெளியிட்டுட்டாங்க. இவர் 1868ல சர்வதேச தபால் ஒன்றியத்துக்கு ஒரு பிளான் போட்டாரு. நடுவுல பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் (பெர்லினைத் தலைநகரா வச்சிருந்த ஜெர்மன் நாடு) சண்டை வந்து அது கொஞ்ச வருஷம் தள்ளிப் போச்சு. கடைசியில 1874 செப்டம்பர்ல சுவிஸ் அரசாங்கம் கூப்பிட்டு பெர்ன்ல உக்காந்தாங்க, அக்டோபர் 9ஆம் தேதி 22 நாடு சேர்ந்து ஒப்பந்தம். இப்பவும் அக்டோபர் 9தான் உலகத் தபால் தினம்.

ஏன் பெர்ன்? இங்கதான் நாடுங்க ஏன் பொது அமைப்பை உண்டாக்குதுங்கங்கிறதுக்குப் பாதி பதில் இருக்கு. பெர்லின்ல ஆபீஸ் வச்சிருந்தா மூணு வருஷம் முன்னாடி தோத்துப் போன பிரான்ஸ் தலை வச்சுக்கூட படுத்திருக்காது. லண்டன்ல வச்சா மத்தவங்களுக்கு சந்தேகம். கணக்குப் புஸ்தகத்தை வச்சிருக்கிறவன் சண்டைக்காரனா இருக்கக் கூடாது, அவ்ளோதான். பெர்ன்ல வச்சும் பிரான்ஸ் ஒடனே சேரல, தன் நாட்டு வழியா போற அடுத்தவன் தபால்ல வர்ற காசு போயிடும்னு கவலை. 1876 ஜனவரியிலதான் உள்ள வந்துச்சு. அதே 1876ல பிரிட்டிஷ் இந்தியாவும் சேர்ந்துடுச்சு, சுதந்திரத்துக்கு 71 வருஷம் முன்னாடி! 1877ல சிலோனும், சிங்கப்பூர், பினாங்கு இருந்த ஜலசந்திக் குடியேற்றம்ங்கிற பிரிட்டிஷ் காலனியும். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி யாவாரம் பண்ணப் போன செட்டியார்களும் தோட்டத்துக்குப் போன சனங்களும் ஊருக்கு எழுதின லெட்டரெல்லாம் இந்த ஏற்பாட்டு மேலதான் ஓடுச்சு. எங்க ஊர்ப் பக்கம் பழைய வீட்டுப் பெட்டியைத் தொறந்தா அந்த ஸ்டாம்பு ஒட்டின கவர் இன்னும் கெடைக்கும், யாராவது கெடச்சா பேப்பர்காரருக்குப் போட்றாதீங்க ப்ளீஸ்.

சரி, 1874ல என்னதான் பேசி முடிச்சாங்க? சேர்ந்த நாடெல்லாம் தபாலுக்கு மட்டும் ஒரே நாடு மாதிரி. லெட்டருக்கு ஏறக்கொறைய ஒரே ரேட், 15 கிராமுக்கு 25 சென்டிம் (ஒரு ஃப்ராங்க்ல நூறுல ஒரு பங்குதான் சென்டிம்). ஒருத்தன் தபாலை இன்னொருத்தன் தன் நாட்டு வழியா போக விடணும், அதுக்கு சின்னதா ஒரு தொகை வாங்கிக்கலாம். இதெல்லாத்தையும் விட சூப்பர் ஐடியா இன்னொண்ணு: அனுப்புற நாடு வாங்கின காசை அதுவே வச்சுக்கலாம், டெலிவரி பண்ற நாட்டுக்கு எதுவும் தர வேணாம்.

இது என்னடா அநியாயம்னு தோணும். ஆனா லாஜிக் நம்ம ஊரு மொய் மாதிரிதான். நீ இன்னைக்கு எனக்கு ஒரு லெட்டர் போட்டா நான் நாளைக்கு பதில் போடுவேன், போற லெட்டரும் வர்ற லெட்டரும் சுமாரா சமமா இருக்கும், அப்புறம் எதுக்கு ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதிக்கிட்டு. உன் வீட்டு விசேஷத்துக்கு நான், என் வீட்டு விசேஷத்துக்கு நீ. நோட்டே போடாம மொய் வாங்கின ஊரு மாதிரி கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓட்டினாங்க இவங்க. கணக்கு எழுதுற செலவு மிச்சம், கவுன்ட்டர்ல கஸ்டமருக்கு ஒரே விலை.

ஆனா ஒரு வீட்ல மட்டும் பத்து விசேஷம் வந்தா? நாடுங்க சுதந்திரம் வாங்கி உறுப்பினர் பெருகப் பெருக, சில நாட்டுக்கு வர்ற தபால் மலை மாதிரி, போற தபால் மடு மாதிரி ஆயிடுச்சு. பணக்கார நாட்டுல இருந்து பத்திரிகை, கேட்டலாக்குன்னு மூட்டை மூட்டையா வந்து எறங்கும், ஏழை நாட்டு போஸ்ட்மேன் ஓசியில சொமக்கணும். அதனால 1969 டோக்கியோ மாநாட்டுல மொய் நோட்டைத் தொறந்துட்டாங்க. யார் யாருக்கு அதிகமா அனுப்புனாங்களோ அந்த வித்தியாசத்துக்குக் காசு குடுக்கணும். இதுக்கு டெர்மினல் டியூஸ்னு பேரு, 1971ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. உலகத் தபால் தினம் கொண்டாடலாம்னு அதே டோக்கியோவுலதான் முடிவாச்சு, அந்தத் தீர்மானத்தைக் கொண்டு வந்தது இந்தியப் பிரதிநிதி ஆனந்த் மோகன் நருலா. ஸ்டாம்பு கலெக்ட் பண்றவங்க நோட் பண்ணிக்கோங்க.

இப்ப ப்ராடக்டோட பெஸ்ட் ஃபீச்சருக்கு வரேன். எனக்கு இதுல ஒரு தனி கிறுக்கு உண்டு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ரிஜிஸ்டர் பண்ணா ரசீதுல ஒரு நம்பர் வருமே, ரெண்டு எழுத்து, ஒம்போது நம்பர், மறுபடி ரெண்டு எழுத்து, அது இந்தியா போஸ்ட் தன் இஷ்டத்துக்கு வச்ச நம்பர் இல்ல. எஸ்10னு யு.பி.யு. போட்ட ஸ்டாண்டர்டு. ஆர்.ஆர்.னு ஆரம்பிச்சா ரிஜிஸ்டர், இ.இ.னா வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட், சி.பி.ன்னா பார்சல். கடைசி ரெண்டு எழுத்து அனுப்புற நாடு, நமக்கு ஐ.என். இதுல ஒம்போதாவது நம்பர் சும்மா நம்பர் இல்ல, சோதனை நம்பர். மொத எட்டு நம்பரை வரிசையா 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல பெருக்கி எல்லாத்தையும் கூட்டு. அதை 11 ஆல வகுத்து மீதியை எடு. 11ல இருந்து அந்த மீதியைக் கழி. வர்றதுதான் ஒம்போதாவது நம்பர் (10 வந்தா 0 போடுவாங்க, 11 வந்தா 5). உதாரணத்துக்கு 12345678ன்னு வச்சுக்கோங்க, கூட்டினா 204, 11 ஆல வகுத்தா மீதி 6, பதினொண்ணுல ஆறு போனா 5, ஆக 123456785. கை தவறி ஒரு நம்பரை மாத்தி அடிச்சா நார்வே ஓஸ்லோவுல இருக்கிற மெஷின் பெரும்பாலும் ஒடனே கண்டுபிடிச்சுடும். பழைய ரசீது இருந்தா எடுத்துப் போட்டுப் பாருங்க, கரெக்டா வரும், எனக்கு பஸ் ஸ்டாண்டுல நேரம் போகாதப்ப இதுதான் வேலை.

இதோட அழகு என்னன்னா, இந்த நம்பரை நார்வேக்காரன் கிட்ட தனியா விளக்க வேண்டியதில்ல. காரைக்குடியில ஒட்டின பார்கோடு, சென்னை ஃபாரின் போஸ்ட் ஆபீஸ்ல கஸ்டம்ஸ் பாத்து, ஃப்ளைட் ஏறி, அங்க எறங்கி, அவன் ஸ்கேனர்ல அப்படியே படிக்குது. எல்லா நாடும் ஒத்துக்கிட்ட ஒரே நம்பர். யோசிச்சா இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒரு பொது அமைப்பு வேணும். 192 உறுப்பு நாடு இருக்கு. இவங்க ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து பேசினா பதினெட்டாயிரத்துக்கும் மேல ஒப்பந்தம் வரும், கணக்குப் போட்டுப் பாத்துக்கோங்க. ஒரே ரூம்ல உக்காந்தா ஒரு ஒப்பந்தம். நாடுங்க பாசத்துல சேர்றதில்ல பாஸ், பேப்பர் வேலைக்குப் பயந்து சேருது.

அந்த பெர்ன் ஆபீஸ்ல வேலை பாக்கிறவங்க எவ்ளோ பேர் தெரியுமா? சுமார் 250 பேர். இந்தியாவுல மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல போஸ்ட் ஆபீஸ் இருக்கு, உலகம் பூரா 6 லட்சத்துக்கும் மேல, அதுக்கெல்லாம் பொதுவா 250 பேர். அவங்க பண்றது எல்லாம் போரிங் வேலை: நாட்டுக்கு நாடு கணக்குத் தீக்க வழி பண்ணிக் குடுக்கிறது, எந்த நாட்டுக்கு என்ன பொருள் அனுப்பக் கூடாதுன்னு லிஸ்ட் வச்சுக்கிறது, ஃபாரம் டிசைன் பண்றது, தகராறு வந்தா மத்தியஸ்தத்துக்கு ஏற்பாடு. கணக்கு டாலர்லயும் இல்ல யூரோவுலயும் இல்ல, ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) வச்சிருக்கிற எஸ்.டி.ஆர்.ங்கிற யூனிட்ல, இதுலயும் யார் கரன்சியும் கிடையாது. ஒரு காலத்துல ஸ்டாம்போட கலரைக் கூட இவங்கதான் சொன்னாங்க, வெளிநாட்டு லெட்டருக்கு நீலம், போஸ்ட்கார்டுக்கு சிவப்பு, அச்சடிச்ச சரக்குக்கு பச்சைன்னு. பழைய ஆல்பம் பாத்தா எல்லா நாட்டு ஸ்டாம்பும் ஏன் ஒரே கலர்ல இருக்குன்னு அப்பதான் வெளங்கும்.

இன்னொரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. பார்வை இல்லாதவங்களுக்கான பிரெய்ல் புக் வெளிநாட்டுக்கே போனாலும் தபால் கட்டணம் கிடையாது, விமானத்துக்கான கூடுதல் காசு மட்டும் தனி. போர்க் கைதிங்களுக்கு வர்ற போற லெட்டருக்கும் கட்டணம் கிடையாது. ஒரு நாடு தனியா "எதிரி நாட்டுக் கைதி லெட்டரை ஓசியில கொண்டு போறேன்"னு சொன்னா உள்ளூர்ல நாறடிச்சுடுவாங்க. சர்வதேச ரூலு, நாங்க கையெழுத்துப் போட்டிருக்கோம்னு சொன்னா யாரும் ஒண்ணும் பேச முடியாது. நாடுங்களுக்கு இந்த வசதியும் தேவைப்படுது, நல்லது பண்றதுக்குக் கூட பழியைப் போட ஒரு மூணாவது ஆள்.

இப்ப மைனஸ்.

மொய் நோட்டுல ஒரு கோளாறு வந்துச்சு. டெர்மினல் டியூஸ் ரேட்டை வளரும் நாட்டுக்குக் கொறவா வச்சிருந்தாங்க, அது நியாயம்தான். ஆனா சைனா ரொம்ப வருஷம் அந்த சலுகைப் பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. ஆன்லைன் ஷாப்பிங் வந்ததும் ரெண்டு கிலோ வரைக்கும் இருக்கிற சின்னப் பாக்கெட்டெல்லாம் லெட்டர் கணக்குல போக ஆரம்பிச்சுது. சைனா சைட்ல ஒரு டாலர் பொருளுக்கு ஃப்ரீ ஷிப்பிங் போட்டப்ப நாமெல்லாம் ஆச்சரியப்பட்டோமே, அதுக்குப் பின்னாடி இருந்த காரணங்கள்ல இது பெரிய காரணம். அமெரிக்காவுல ஒரு ஊர்ல இருந்து பக்கத்து ஊருக்கு அனுப்புறதை விட சைனாவுல இருந்து வர்றது சீப்புன்னு அந்த ஊர் வியாபாரிங்க கத்தினாங்க. மாநாடு நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான், ரேட்டை மாத்தணும்னா பெரும்பான்மை ஓட்டு வேணும், ஒரு நாடு ஒரு ஓட்டு, ஆமை கூட கொஞ்சம் வேகமாப் போகும்.

2018 அக்டோபர்ல ட்ரம்ப் அரசாங்கம் "நாங்க வெளிய போறோம்"னு லெட்டர் குடுத்துடுச்சு. ரூல்படி ஒரு வருஷ நோட்டீஸ். இங்கதான் எனக்கு இந்த ப்ராடக்ட் மேல மரியாதை ஏறுச்சு. உலகத்துலயே பலமான நாடு, எல்லாரையும் தனித்தனியா மெரட்டி தனக்கு வேண்டிய ரேட்டை வாங்க முடியும்னு நெனப்போம். ஆனா வெளிய போனா மத்த 191 உறுப்பினர் கூடவும் தனித்தனியா ஏற்பாடு பண்ணணும், 1860ல விட்ட எடத்துக்கே திரும்பிப் போகணும். வெளிநாட்டுல இருக்கிற அமெரிக்க சிப்பாய்ங்க, வெளிநாட்டுல இருந்து வர்ற ஓட்டுச் சீட்டு, எல்லாம் கேள்விக்குறி. அந்தப் பக்கம் மத்த நாடுங்களுக்கும் பயம், அவ்ளோ பெரிய மார்க்கெட் வெளிய போனா எல்லாரோட தபாலும் ஆடிப் போகும். கடைசியில 2019 செப்டம்பர்ல ஜெனீவாவுல அவசர மாநாடு போட்டு, அதிகமா தபால் வர்ற நாடுங்க 2020 ஜூலையில இருந்து தங்களோட ரேட்டைத் தாங்களே சொல்லிக்கலாம், மத்தவங்க அடுத்தடுத்துன்னு முடிவு பண்ணாங்க. அமெரிக்கா உள்ளயே இருந்துடுச்சு. மெரட்டல் வேலை செஞ்சுதா? செஞ்சுது, பொய் சொல்ல வேணாம். ஆனா மெரட்டி வாங்கினதையும் அந்த மாநாட்டு மேஜையில வச்சுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு. நம்ம மாதிரி கஸ்டமருக்கு ரிசல்ட் என்னன்னா சின்னப் பாக்கெட் ரேட்டு ஏறிடுச்சு, அது ஒரு வருத்தம்.

அடுத்த மைனஸ், யு.பி.யு. கையில லத்தி கிடையாது. 2019 ஆகஸ்ட்ல பாகிஸ்தான் இந்தியா கூட தபால் போக்குவரத்தை நிறுத்துச்சு. அப்ப அமைச்சரா இருந்த ரவிசங்கர் பிரசாத் இது உலகத் தபால் ஒன்றிய விதிக்கு விரோதம்னு சொன்னாரு, கரெக்டாத்தான் சொன்னாரு. 2025 மே மாசம், காஷ்மீர் பஹல்காம்ல நடந்த தீவிரவாதத் தாக்குதலுக்கு அப்புறம், இந்தியா தன் பங்குக்கு பாகிஸ்தான்ல இருந்து வர்ற தபாலையும் பார்சலையும் நிறுத்துச்சு. ஒரு நாடு கதவைச் சாத்தணும்னு முடிவு பண்ணிட்டா பெர்ன்ல இருந்து யாரும் வந்து தொறக்க மாட்டாங்க. அதே சமயம் தைவானைப் பாருங்க, 1972ல இருந்து உறுப்பினரே இல்ல, ஆனா டி.டபிள்யூ.ன்னு முடியிற எஸ்10 நம்பரோட அங்கருந்து கவர் வந்துட்டுத்தான் இருக்கு. அரசியல்ல வாசலை மூடினாலும் நடைமுறையில ஜன்னல் தொறந்திருக்கு.

2025 ஆகஸ்ட் கூத்து ஞாபகம் இருக்கா? அமெரிக்கா 800 டாலருக்குக் கீழ இருக்கிற சரக்குக்கு இருந்த வரி விலக்கை ஆகஸ்ட் 29ல இருந்து எடுத்துடுச்சு. வரியை யாரு வசூல் பண்றது, எப்படிக் கட்டுறதுன்னு யாருக்கும் தெளிவா சொல்லல. இந்தியா போஸ்ட் உட்பட நாடு நாடா புக்கிங்கை நிறுத்துச்சு. அந்த ஒரே நாள்ல அமெரிக்காவுக்குப் போற தபால் ஒரு வாரம் முன்ன இருந்ததை விட 81 சதவீதம் விழுந்துச்சுன்னும் 88 தபால் நிறுவனம் நிறுத்திட்டாங்கன்னும் யு.பி.யு.வே சொல்லுச்சு. கைத்தறி, நகைன்னு சின்ன அளவுல அனுப்பிட்டிருந்தவங்க பாடு திண்டாட்டம். அப்புறம் வரியை முன்கூட்டியே கணக்குப் போட்டு அனுப்புறவங்க கிட்ட வாங்குற மாதிரி ஒரு டெக்னிக்கல் வழியை யு.பி.யு. எல்லாருக்கும் பொதுவா செஞ்சு குடுத்துச்சு, இந்தியா போஸ்ட் அக்டோபர் 15ல மறுபடி ஆரம்பிச்சுடுச்சு. பொது ஆபீஸ் ஒண்ணு இருக்கிறதோட அருமை இந்த மாதிரி நேரத்துலதான் தெரியும், இல்லன்னா ஒவ்வொரு நாடும் தனியா ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டு வாஷிங்டன் வாசல்ல நின்னுருக்கணும். ஆனா பிரச்சனை வர்றதுக்கு முன்னாடியே தடுக்க அதால முடியலங்கிறதும் உண்மை.

கஸ்டமர் கேர் பத்தி சொல்லியே ஆகணும்: பூஜ்யம். பார்சல் காணாமப் போச்சுன்னா பெர்னுக்கு மெயில் போட்டு பிரயோஜனமே இல்ல, அவங்களோட கஸ்டமர் நாடுங்கதான், நீங்களும் நானும் இல்ல. அந்தப் போன ஒரு ஸ்டாருல பாதி இதுக்குத்தான். மீதிப் பாதி ட்ராக்கிங்குக்கு. நான் அனுப்பின பாக்கெட் பல தடவை நாட்டை விட்டுக் கெளம்பினதும் திரையில அப்படியே நின்னுடுச்சு, அங்க போய் சேர்ந்து ஆள் போட்டோ அனுப்பின அப்புறமும் ட்ராக்கிங்ல அது ஃப்ளைட்டுக்குக் காத்துட்டு நின்னுச்சு.

கூரியரோட ஒப்பிட்டா? அவசர டாக்குமென்ட், யுனிவர்சிட்டி சர்டிஃபிகேட், விசா பேப்பர்னா கண்ணை மூடிட்டு கூரியர் போங்க, வேகம் அங்கதான். புக்கு, கைவினைப் பொருள், லெட்டர், அவசரமில்லாத சின்னப் பாக்கெட் எல்லாம் தபால்தான். பெரிய கூரியர் கம்பெனி போகாத தீவுக்கும் மலைக்கும் கூட தபால் போகும், ஏன்னா அங்க டெலிவரி பண்றது அந்த நாட்டோட கடமைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

மொத தடவை அனுப்புறவங்களுக்கு ரெண்டு டிப்ஸ். கஸ்டம்ஸ் சீட்டுல (சின்ன பாக்கெட்டா, பொருளோட மதிப்பும் கொறைவா இருந்தா சி.என்.22, மதிப்பு அதிகம்னாலோ பார்சல்னாலோ சி.என்.23) உள்ள என்ன இருக்குன்னு உடைச்சு எழுதுங்க, "கிஃப்ட்"னு மட்டும் எழுதினா அந்தப் பக்கம் உக்கார வச்சுடுவாங்க. "தமிழ் புக்கு 2, எடை இவ்ளோ, விலை இவ்ளோ"ன்னு எழுதணும், அதையும் இங்கிலீஷ்ல. உங்க ஃபோன் நம்பர், வாங்குறவங்க ஃபோன் நம்பர் ரெண்டும் போடுங்க. ஊறுகாய், விதை, மருந்து அனுப்புறதுக்கு முன்னாடி அந்த நாட்டுத் தடை லிஸ்டைக் கவுன்ட்டர்ல கேளுங்க, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புறவங்க முக்கியமா.

அப்புறம் ரசீது. ரிஜிஸ்டர் பண்ண தபால் சேரலன்னா போட்ட மறுநாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள நம்ம போஸ்ட் ஆபீஸ்லயே விசாரணைக்கு எழுதிக் குடுக்கலாம், இங்கருந்து அந்த நாட்டுக்குக் கேள்வி போகும், அவங்க பதில் சொல்லியே ஆகணும். கவுன்ட்டர்ல இருக்கிறவருக்கு இந்த ரூல் தெரியலன்னா சண்டை போடாதீங்க, போஸ்ட்மாஸ்டரைக் கேட்டு அந்த ஃபாரத்தை வாங்கி நிரப்பிக் குடுத்துட்டு வாங்க.